பத்து பாகம் தண்ணி

என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன கோடை விடுமுறையில் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டப் பழகப் போனாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு உருவிய தடம் சிவந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அத்தை, ஸ்டார்போர்டுக்குத் தமிழ்ல என்ன?"

"வலது பக்கம்" என்றேன்.

"அது ரைட். நான் கேக்கறது ஸ்டார்போர்ட்."

இருபது வருஷமாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படியும் அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரிதான், இரண்டும் வேறு. படகில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் வலது இன்னொருவருக்கு இடது. அலையடிக்கும்போது ஒருவர் "வலது பக்கம் சாய்" என்று கத்தினால் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். ஸ்டார்போர்ட் என்பது படகின் வலது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் அது மாறாது.

பழைய வட ஐரோப்பியப் படகுகளில் சுக்கான் நடுவில் கிடையாது. பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித் திருப்புவார்கள். திருப்பும் பக்கம் என்ற பொருளில் பிறந்த பழைய ஆங்கிலச் சொல்தான் தேய்ந்து ஸ்டார்போர்ட் ஆனது. அந்தத் துடுப்பு கரையில் மோதி உடையக் கூடாதென்று எப்போதும் இடது பக்கத்தைத்தான் துறையோடு அணைப்பார்கள். இடது பக்கத்துக்கு முன்பு லார்போர்ட் என்று பெயர். ஸ்டார்போர்ட், லார்போர்ட் இரண்டையும் புயல்காற்றில் ஒருமுறை கத்திப் பாருங்கள், என்ன ஆபத்து என்று புரியும். 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை எடுத்துவிட்டுப் போர்ட் என்று ஆக்கியது. இன்றும் எந்தக் கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரவில் மெரினாவிலிருந்து பார்க்கும்போது ஒரு கப்பலின் பச்சை மட்டும் தெரிந்தால், அதன் வலது விலா நம்மைப் பார்த்திருக்கிறது என்று பொருள்.

பாப்பாவுக்கு இது வெறும் பெயர் இல்லை, சாலை விதி. இரண்டு பாய்மரப் படகுகள் நேருக்கு நேர் வரும்போது, இடப்பக்கம் காற்று வாங்கி வரும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது ஒதுங்க வேண்டும். பயிற்சியில் பிள்ளைகள் "ஸ்டார்போர்ட்!" என்று கத்துவது இதற்குத்தான். "வழி எனக்கு, ஒதுங்கு" என்பது அதன் சுருக்கம்.

அவள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகு. நீளம் ஏழே முக்கால் அடி, ஒரே பாய், ஒரே பிள்ளை. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார். அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அவர் படம் பாப்பாவின் மேசை மேல் ஒட்டியிருக்கிறது. இந்த ஊர்க் கடலில், இந்த ஊர்ப் பிள்ளைகள், பயிற்சி முழுவதும் ஆங்கிலச் சொற்களில். அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. உலகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சொற்கள் வேண்டும். ஆனால் அதே கடலில், துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம், பல தலைமுறையாகப் பாய் கட்டிப் போனவர்களிடம் என்ன சொல் இருந்தது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊரூர் குப்பத்துக்குப் போனேன். எங்கள் தெருவில் மீன் விற்க வரும் அக்காவின் பெரியப்பா அங்கே இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். பாப்பா தன் கேள்வியை அவரிடமும் கேட்டாள்.

"சோத்தாங்கை, நொட்டாங்கை எல்லாம் கரையிலதான் பாப்பா" என்றார். "கடலுக்குள்ள போனா வடக்கே, தெக்கே, கரைப்பக்கம், கடப்பக்கம். மரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெக்கு தெக்குதானே?"

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. ஐரோப்பிய மாலுமி படகோடு சேர்த்துக் கட்டிய திசையை வைத்துக் குழப்பத்தைத் தீர்த்தான். இவர்கள் கரையோடு கட்டிய திசையை வைத்துத் தீர்த்தார்கள். சோழமண்டலக் கரை தெற்கு வடக்காக நேர்கோடு போட்டது போல் ஓடுகிறது. மேற்கே கரை, கிழக்கே கடல். பாறையும் தீவும் வளைகுடாவும் இல்லாத இந்தக் கரையில் அதைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? ஆகவே ஸ்டார்போர்டுக்கு இங்கே ஒரு சொல்லைத் தேடியதே என் பிழை. அது இல்லாமலே இவர்கள் சமாளித்திருக்கிறார்கள்.

காற்றுக்குப் பெயர் கேட்டபோதுதான் பெரியவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். வடக்கே இருந்து வருவது வாடை. கிழக்கே இருந்து வருவது கொண்டல், மழை கொண்டுவருவது. தெற்கே இருந்து வருவது தென்றல். தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான். இவற்றில் வாடை, கொண்டல், தென்றல் மூன்றும் நமக்குப் பாட்டில் தெரிந்த பெயர்கள். தென்றலை நாம் காதலுக்கும் கவிதைக்கும் கொடுத்துவிட்டோம். அவர் வாயில் அது ஒரு வேலைச் சொல்லாக வருகிறது. "தென்றல் எடுத்துச்சுன்னா இந்த வலை போடு, வாடைன்னா அந்தப் பக்கம் போகாதே" என்கிற மாதிரி.

அப்புறம் கரைக்காற்று. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பகலில் நிலம் சூடேறியதும் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வரும். எஞ்சின் இல்லாத காலத்தில் கரைக்காற்றில் பாயை விரித்துப் போய், மதியக் கடல்காற்றில் திரும்பி வருவார்கள். போகவும் வரவும் கூலி கேட்காத சவாரி. மே மாதத்தில் சென்னையில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கடல்காற்றோடு கணக்கு உண்டு. அது பதினொரு மணிக்கே உள்ளே வந்துவிட்டால் வெயில் அடங்கும். மேற்குக் காற்று பலமாக நின்று அதை இரண்டு மூன்று மணி வரை தடுத்துவிட்டால் அன்றைக்கு நூற்றைந்து டிகிரிதான். நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காத்திருப்பதும் அவர்கள் பாய் விரிக்கக் காத்திருந்ததும் ஒரே காற்றுக்கு.

நீரோட்டத்துக்கு அவர் சொல்வது வெள்ளம். மழை வெள்ளம் இல்லை, கடலுக்குள் ஓடும் வெள்ளம். தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. "தெண்டி, வன்னி" என்று பாப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கு இந்தச் சொற்களைக் கேட்டதும் மெரினா கண்ணில் வந்தது. வருஷத்தில் பெரும்பகுதி தெண்டி ஓடுகிறது, கரையோரமாக மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் வன்னி கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கேதான் அதிகம். 1870-களின் நடுவில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெண்டி கொண்டுவந்த மணல் சுவரில் முட்டி நின்றது. தெற்கே கடற்கரை அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே இன்று வரிசையாகக் கொட்டியிருக்கும் கருங்கல் அதற்காகத்தான். நாம் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிற அந்த அகலமான மணல் முழுக்கத் தெண்டி கொண்டுவந்து போட்டது. ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கே ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

இப்போது ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு அலுவலகத்துக்காகக் கடல் பாதுகாப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்தேன். படகுக்காரர்களுக்குக் கொடுப்பதற்கு. ஆங்கிலத்தில் ஆழம் ஃபேதம் கணக்கில் இருந்தது. ஒரு ஃபேதம் ஆறு அடி, அதாவது 1.8288 மீட்டர். நான் எல்லாவற்றையும் மீட்டராக்கினேன். பத்து ஃபேதம் என்றிருந்த இடத்தில் '18.29 மீட்டர் ஆழம்' என்று எழுதினேன். தசமப் புள்ளி வரைக்கும் சரி. அச்சாகி வந்தது. இந்த விஷயத்தைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அது எத்தினி பாகம்மா?"

பாகம். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை. சில ஊர்களில் மார் என்பார்கள். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீரில் விட்டு, தரை தட்டியதும் இழுத்து, விரித்த கைகளால் அளந்து எண்ணுவார்கள். பத்து பாகம் தண்ணி, இருபது பாகம் தண்ணி. கடலின் ஆழம் அப்படித்தான் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எந்த மீன் எத்தனை பாகத்தில், எந்த வலை எத்தனை பாகத்துக்கு, எல்லாம் அந்தக் கணக்கு.

வீட்டுக்கு வந்து ஃபேதம் என்ற சொல்லின் வேரைப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரித்த இரண்டு கைகள் என்று பொருள், அணைப்பு என்றும் பொருள். அப்படியே பாகம்தான். இரண்டு கடலோரத்து மக்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே உடம்பால் ஒரே அளவை எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பிரசுரத்தில் இருந்த சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் குப்பத்தில் உயிரோடு இருந்தது. நான் அதைத் தாண்டிப் போய், பள்ளிப் பாடத்திலிருந்து மீட்டரை எடுத்து வைத்தேன். பத்து பாகம் என்று எழுதியிருந்தால் படித்த அந்த நொடியே புரிந்திருக்கும். அந்தத் தாளைப் படித்து யாராவது ஒருவர் ஒரு நிமிஷம் திகைத்திருந்தால்கூட அது என்னால்தான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

கயிறுதான் கடலில் முதல் கருவி. கப்பலின் வேகத்தைச் சொல்லும் நாட் என்ற சொல்லுக்கும் முடிச்சு என்றுதான் பொருள். ஒரு கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு பலகையைக் கட்டி, கப்பலின் பின்னால் கடலில் விடுவார்கள். பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், கப்பல் நகர நகரக் கயிறு உருவிக்கொண்டு போகும். 28 விநாடி மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ அத்தனை நாட் வேகம். மணிக்கு ஒரு கடல் மைல் என்றால் ஒரு நாட். கடல் மைல் 1852 மீட்டர். வானிலை அறிக்கையில் இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது யாரோ ஒருவன் குளிரில் நின்று விரலிடுக்கில் முடிச்சை எண்ணுவது தெரிகிறது.

அந்த வாரம் முழுக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். 1924-க்கும் 1936-க்கும் இடையில் வந்தது. அதில் கப்பற்காரர் வழக்கு என்று குறிக்கப்பட்ட சொற்கள் இருக்கின்றன. பாயைத் தூக்கி ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் முனையைப் பிடித்து இழுக்கும் கயிறு தாமான். பாப்பாவின் உள்ளங்கையை உருவிய கயிறு இதுதான், அவள் மெயின்ஷீட் என்று சொல்வது. ஷீட் என்பது பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ் முனை. பாரசீகத்தில் தாமன் என்றால் ஆடையின் கீழ் விளிம்பு, முந்தானை மாதிரி. இங்கேயும் இரண்டு மொழி ஒரே இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது, முந்தானையைப் பிடித்து இழுப்பது போல. இதைச் சொன்னதும் பாப்பா தாமானை விடவே இல்லை. "தாமான் இழுத்தேன், தாமான் விட்டேன்" என்றுதான் இப்போது வீட்டில் கதை சொல்கிறாள்.

மற்றவற்றையும் பாருங்கள். சுக்கான் அரபியிலிருந்து வந்தது. மாலுமியும் அரபிதான், முஅல்லிம் என்ற சொல், ஆசிரியர் என்று பொருள். வழி தெரிந்தவர் ஆசிரியர்தானே. சாரங்கு பாரசீகம். நங்கூரமும் பாரசீகத்து லங்கர். கப்பித்தான் போர்த்துக்கீசியம். நாம் கொடுத்ததும் உண்டு: மலாய் மொழியில் கப்பலுக்குக் காப்பால் என்கிறார்கள், நம் கப்பல்தான் அது. ஒரே கப்பலில் பல ஊர்க்காரர்கள் வேலை பார்த்தார்கள், அவசரத்தில் எது புரிந்ததோ அது நின்றது. அதனால்தான், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து புதுச் சொல் உருவாக்கிக் கடலுக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்வோம். இல்லாததற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இங்கிலீஷ் சொல்லே இருக்கட்டும். விசைப்படகு ஓட்டுபவரைக் காசிமேட்டில் டிரைவர் என்கிறார்கள். சரி, அவர் டிரைவர்தான்.

காற்றுக்கு எதிரே போவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. இரு பக்கமும் ஏறத்தாழ 45 டிகிரி ஒதுங்கி, வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒருமுறை வலப்பக்கம் காற்று வாங்கி, பிறகு தலையைத் திருப்பி இடப்பக்கம் காற்று வாங்கி. படகு ஏன் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகவில்லை என்று கேட்டேன். ஊறிய புளியங்கொட்டையை எடுத்துவந்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திக் காட்டினாள். சர்ரென்று முன்னால் பாய்ந்து சுவரில் பட்டது. பாயை அழுத்தும் காற்று ஒரு விரல், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகையை அழுத்தும் நீர் இன்னொரு விரல். புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனை 'வளி தொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றை வேலை வாங்கியவன். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அரசனுக்கு வைத்த ஐஸ் என்று நினைத்திருந்தேன். ஒரு புளியங்கொட்டைக்கு அப்புறம் அந்த வரி எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தது.

கட்டுமரத்தைப் பற்றி எழுதாமல் சென்னையில் இதை முடிக்க முடியாது. குப்பத்தில் அதற்கு வெறும் மரம் என்றுதான் பெயர். "மரம் தள்ளு", "மரம் கரை ஏறிச்சு". எடை குறைந்த மரத்துண்டுகள் சிலவற்றை வரிசையாக வைத்துக் கயிற்றால் பிணைத்தது, அவ்வளவே. ஓட்டையாகிற பேச்சே இல்லை. உள்ளே வந்த தண்ணீர் இடுக்கு வழியாக வெளியே போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காய வைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும். சென்னையின் அலைவாய் பொல்லாதது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நின்றுவிடும். ஆட்களும் சரக்கும் சலங்கு என்ற படகில் கரைக்கு வர வேண்டும். அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரர்கள் அதை மசூலா என்றார்கள்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். சொல் அப்படியே ஆங்கிலத்துக்குள் போனது. போன இடத்தில் ஆளே மாறிவிட்டது. 1876-ல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல் கொண்ட படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். இன்று உலகம் கேட்டமரான் என்று சொல்வது அந்த மாதிரிப் படகைத்தான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. இங்கே கரையிலும் இப்போது மரம் அரிது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்தன. எல்லாரும் ஃபைபர் என்கிறார்கள். ஃபைபர் பாதுகாப்பு, வேகம், உழைப்பு மிச்சம். யாரும் பழையதற்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், அந்த அலையில் இறங்குவது நான் இல்லை. ஆனால் பாய் போனதும் பாயின் கயிறுகளுக்கான பெயர்கள் போகின்றன. பெரியவர் ஆஞ்சான் என்ற சொல்லை நான் சொன்னதும் தலையை ஆட்டிச் சிரித்தார். "எங்க தாத்தா ஏதோ அப்படிச் சொல்வார்" என்றார். அவர் பேரன் பக்கத்தில் நின்று எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது முதல் தடவை.

சரி, நகரத்துக்குள் இருக்கும் நமக்குக் கடற்சொல்லே தெரியாதா? தெரியும், தெரிந்தது தெரியாமல் இருக்கிறோம். அடகு வைத்த நகையைத் திருப்ப முடியாவிட்டால் "நகை முழுகிப்போச்சு" என்கிறோம். என் அம்மா ஒருமுறை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றிருந்தாள். கடலில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது தெரிந்த ஊரில்தான் அந்தப் பேச்சு பிறக்கும். மனது "நிலைகொள்ளவில்லை" என்கிறோம். நிலை என்பது காலூன்றி நிற்கக்கூடிய ஆழம், அதைத் தாண்டினால் கால் தரையில் படாது. ஒன்றில் தேர்ந்தவரைக் "கரைகண்டவர்" என்கிறோம். அரசாங்க அலுவலகத்துக்குப் பெயர் துறை. தண்ணீரில் இறங்கும் இடம்தான் துறை. அதிலிருந்து கல்வியில் ஒரு பிரிவுக்கும் அதே பெயர் வந்து, இப்போது மீன்வளத்துறை, வருவாய்த்துறை, கல்வித்துறை. தலைமைச் செயலகமோ கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, புயல் எச்சரிக்கைக் கூண்டு. 'ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தி வராத நவம்பர் சென்னையில் கிடையாது. சின்ன வயதில் பறவைக் கூண்டு என்று நினைத்திருந்தேன். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கவிடும் அடையாளங்கள் அவை, இரவில் விளக்குகள். மொத்தம் பதினொன்று. ஒன்றும் இரண்டும் தூரத்தில் இருக்கும் புயல் சின்னத்துக்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கு வந்த எச்சரிக்கை. ஐந்திலிருந்து அபாயம், எட்டிலிருந்து பெரும் அபாயம். ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் பலமில்லை, பக்கம். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் ஐந்து, வலப்பக்கம் இருந்தால் ஆறு, தலைமேலேயே வந்தால் ஏழு. அதே வரிசையில் எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால்.

பாப்பா இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "யாரோட லெஃப்ட் அத்தை?"

புயலோட லெஃப்ட். நாம் கடலைப் பார்த்து நிற்கிறோம், புயல் நம்மைப் பார்த்து வருகிறது. அதன் வலது நமக்கு இடது, அதாவது வடக்கு. கிழக்கே இருந்து வரும் புயலுக்கு வலப்பக்கத்தில்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். அதனால் சென்னைக்குச் சற்றுத் தெற்கே கரையேறும் புயலைக் கண்டு துறைமுகம் அதிகம் பயப்படும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா ஊருக்குள்ளேயே நுழைந்தது. முதலில் வடக்கிலிருந்து மரங்களைச் சாய்த்தது. நடுவே காற்று நின்றது. தெருவில் ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். பிறகு தெற்கிலிருந்து அடித்தது. "காத்து திரும்பும், உள்ளே போங்க" என்று எங்கள் தெருவில் கத்தியது மீன் விற்கும் அக்கா ஒருத்திதான்.

போன மாதம் மறுபடி குப்பத்துக்குப் போனோம். பெரியவர் பழைய ஈயக்குண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தார். கயிற்றின் நுனியில் அதைக் கட்டி, கரையில் நின்றபடியே கையை விரித்து, மார்புக்கு முன்னால் கயிற்றை இழுத்து இழுத்து எண்ணினார். ஒரு வலைக்கல்லில் கயிறு தடுக்கிய இடத்தில் நிறுத்தி "பத்து" என்றார். கயிற்றைப் பாப்பாவிடம் கொடுத்தார். அவள் கையை முடிந்தமட்டும் விரித்து, நுனிக்காலில் நின்றுகூட இழுத்தாள். அதே கல்லுக்கு வந்தபோது பதினொன்று முடிந்து இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"தப்பா எண்ணிட்டேனா தாத்தா?"

"இல்ல பாப்பா. உன் கைக்கு அது பதினொண்ணு. நாலு வருஷம் கழிச்சு வா, பத்தாயிடும்."

அவள் பயிற்சி நோட்டில் ஆங்கிலத்தில் வரைந்திருந்த படகுப் படத்துக்குக் கீழே, மெயின்ஷீட் என்று எழுதியிருந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில் தாமான் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அதற்கும் கீழே அன்றைக்குத் தேதி போட்டு எழுதினாள்: தாத்தா 10 பாகம், நான் 11 பாகம் 1 சாண்.